முதல் குறுந்தூர டிரையத்லானுக்குத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரளவு ஓட முடியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், நீச்சலும் ஏதோ வரும் என்ற நிலையில் இருப்பவர்கள், முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கும் முன்பும் கொடுத்த பின்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. வேகமாக முடிப்பதற்கான உத்திகள் இதில் குறைவு. பத்திரமாகவும் பதற்றமின்றியும், இன்னொரு முறை கலந்துகொள்ளலாம் என்ற ஆசை மிஞ்சும் விதத்திலும் முடிப்பதற்கான வழிகளையே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: குறுந்தூர டிரையத்லான் என்பது எவ்வளவு தூரம்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவேளையின்றி அடுத்தடுத்து முடிக்கும் போட்டியே டிரையத்லான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற எடுக்கும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும். ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் குறுந்தூரத்தில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதிலும் பாதியளவில், சுமார் 400 மீட்டர் நீச்சலோடு நடத்தப்படும் ‘சூப்பர் ஸ்பிரின்ட்’ போட்டிகளும் உண்டு. நீச்சலில் நம்பிக்கை போதாதவர்கள் அதில் தொடங்குவது நல்லது. ஒலிம்பிக்கில் நடக்கும் தனிநபர் போட்டி ஸ்பிரின்டுக்கு இரு மடங்கு: 1.5 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். பலர் கேள்விப்பட்டு மிரளும் ‘அயர்ன்மேன்’ தூரம் (3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், முழு மாரத்தான்) முற்றிலும் வேறு உலகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு குறுந்தூரத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. முதல் முறை கலந்துகொள்பவர் ஸ்பிரின்ட் தூரத்தைப் பெரும்பாலும் ஒன்றேகால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

கேள்வி: நீச்சலை ஏன் முதலில் வைக்கிறார்கள்?

களைத்துப்போன உடலோடு நீரில் இறங்குவது ஆபத்து என்பதுதான் முதன்மையான காரணம். சாலையில் களைத்தவர் ஓரமாக உட்கார்ந்துவிடலாம்; நீரில் அந்த வசதி இல்லை. இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் இந்த வரிசை உறுதியாகியிருக்கவில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ள மிஷன் பே என்ற இடத்தில், 1974 செப்டம்பர் 25 அன்று மாலை 46 பேர் கலந்துகொண்ட முதல் போட்டி ஓட்டத்தில்தான் தொடங்கியது. நீச்சல் பிற்பாதியில் வந்ததால், கடைசியாக நீந்தியவர்களுக்குக் கரை தெரிவதற்காகக் கார்களின் முன்விளக்குகளை எரியவிட நேர்ந்தது. இன்றைய வரிசை அனுபவத்தின் வழியே வந்தது என்பதைப் புரிந்துகொண்டால், நீச்சல் பகுதியில் அமைப்பாளர்கள் காட்டும் கண்டிப்பும் புரியும்.

கேள்வி: நான் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பார்ப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்கள், நீண்ட காலம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் யாரையேனும் இளம் வயதில் இதய நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் ஆகியோர் கட்டாயம் பரிசோதனை செய்துகொண்ட பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ படபடப்போ ஒரு முறை வந்திருந்தாலும் இது பொருந்தும். டிரையத்லான் போட்டிகளில் மரணங்கள் மிக அரிது. ஆனால் நேர்ந்தவற்றில் பெரும்பாலானவை நீச்சல் பகுதியில் நேர்ந்தவை, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் முன்பே கண்டறியப்படாத இதயக் கோளாறு இருந்தது. மருத்துவரிடம் போகும்போது ‘உடற்பயிற்சி செய்யப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லாமல், திறந்த நீரில் கூட்டத்தோடு நீந்தப் போகிறேன் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: எத்தனை வாரப் பயிற்சி போதும்?

இடைவிடாமல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவும், 200 மீட்டர் நீந்தவும் உங்களால் இப்போது முடியுமானால் 12 வாரங்கள் போதுமானவை. நீச்சலே தெரியாது என்றால் 12 வாரக் கணக்கை மறந்துவிடுங்கள். முதலில் நீச்சலைக் கற்று, 200 மீட்டரைத் தடுமாறாமல் கடக்கும் நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். போட்டித் தேதியை முன்னால் வைத்துக்கொண்டு நீச்சலை அவசரமாகக் கற்பவர்களைப் போட்டியன்று தொடக்கக் கோட்டில் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம்?

வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் என்பது தாங்கக்கூடிய அளவு. இரண்டு நாள் நீச்சல், இரண்டு முறை சைக்கிள், இரண்டு முறை ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, அவற்றில் ஒரு சைக்கிளையும் ஒரு ஓட்டத்தையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டால் ஐந்து நாளில் அடங்கிவிடும். ஆறாவது நாளில் உடல்வலுப் பயிற்சி அரை மணி நேரம் செய்யலாம். ஏழாவது நாள் முழு ஓய்வு. அந்த நாளில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஓய்வு நாளில்தான் தசைகள் பழுதைச் சரிசெய்துகொண்டு வலுப்பெறுகின்றன, ஆகையால் அது பயிற்சியின் ஒரு பகுதியே.

முதல் நான்கு வாரங்களில் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், குறித்த நாளில் குறித்த பயிற்சிக்குப் போகும் வழக்கத்தை மட்டும் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்து வாரங்களில் நீண்ட சைக்கிள் பயணத்தை 25 கிலோமீட்டர் வரையிலும், நீண்ட ஓட்டத்தை 6 கிலோமீட்டர் வரையிலும், நீச்சலை மொத்தம் 1,200 மீட்டர் வரையிலும் படிப்படியாக உயர்த்துங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் சற்றுக் குறையுங்கள். மீதமிருக்கும் மூன்று வாரங்கள் ஒத்திகைக்கும் ஓய்வுக்கும் உரியவை.

ஏறத்தாழ எல்லாப் பயிற்சியும், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சிரைத்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் நிலை வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் சில நிமிடங்கள் வந்தால் போதும். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் குறைவாகப் பயிற்சி செய்வதில்லை. ஒவ்வொரு நாளையும் போட்டி நாளாக ஆக்கிவிடுவதுதான்.

கேள்வி: ஓடுவதும் சைக்கிளும் சரி, நீச்சலில் 50 மீட்டருக்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. உடல் வலு போதவில்லையா?

வலுக்குறைவு அரிதாகவே காரணமாக இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடக்கூடியவரும் இரண்டு நீளம் நீந்தியதும் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். முதல் காரணம், முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருப்பது. அடக்கிய மூச்சை வெளியே விட்டு, புது மூச்சை இழுப்பது ஆகிய இரண்டையும் தலை திரும்பியிருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள் செய்ய முடியாது. முகம் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருந்தால், தலை திரும்பியதும் இழுப்பது மட்டும்தான் வேலை. கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு, முகத்தை அமிழ்த்தி மெல்ல விடுவதும் பக்கவாட்டில் திரும்பி இழுப்பதுமாக ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதைவிட விரைவாகப் பலன் தருவது வேறொன்றும் நான் கண்டதில்லை.

இரண்டாவது காரணம், தலையை உயர்த்தி முன்னால் பார்த்து நீந்துவது. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடலை இழுத்துச் செல்ல இரு மடங்கு உழைக்க வேண்டும். பார்வையைக் குளத்தின் தரைமேல் வையுங்கள். காலை முழங்காலிலிருந்து அடிக்காமல் இடுப்பிலிருந்து சிறிதாக அசையுங்கள். உடலைச் சமமாக வைத்திருக்கும் அளவுக்குக் கால் அசைந்தால் போதும். அதற்கு மேல் அடித்தால் சைக்கிளுக்குத் தேவையான வலுவை நீரிலேயே தொலைத்துவிடுவீர்கள்.

தூரத்தைக் கூட்டுவதற்கு, 25 மீட்டரை எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிட ஓய்வோடு நீந்தத் தொடங்குங்கள். பின்பு 50 மீட்டர் பத்து முறை, 100 மீட்டர் ஆறு முறை, 200 மீட்டர் நான்கு முறை என்று நகருங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 750 மீட்டரை, அதாவது 25 மீட்டர் குளத்தில் 30 நீளத்தை, நிற்காமல் ஒரு முறையேனும் நீந்தியிருக்க வேண்டும். இங்கே மட்டும் ஒரு பயிற்சியாளருக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். நீச்சலில் நம் தவறு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

ஃப்ரீஸ்டைலில்தான் நீந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. தவளை நீச்சலிலோ மல்லாந்தோ முழுத் தூரத்தையும் கடக்கலாம். விதிகள் எந்த முறையையும் தடுக்கவில்லை.

கேள்வி: குளத்தில் எளிதாக 750 மீட்டர் நீந்துகிறேன். ஏரியிலும் கடலிலும் வேறுபாடு இருக்குமா?

நிறைய இருக்கும். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, தரையில் கோடு இல்லை, பல இடங்களில் தரையே தெரியாது. அலையும் காற்றும் பக்கத்தில் நீந்துபவர்களின் கையும் காலும் புதிதாகச் சேர்கின்றன. அதனால் போட்டிக்கு முன் குறைந்தது மூன்று நான்கு முறையாவது திறந்த நீரில் பழகியிருக்க வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத் தொப்பியும், இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் மிதவையும் அணிந்து, அந்த நீர்நிலையை அறிந்தவர்களோடு மட்டும், அனுமதி உள்ள இடத்தில் மட்டும் நீந்துங்கள்.

அங்கே கற்க வேண்டிய முதல் கலை, திசை பார்ப்பது. ஆறு முதல் பத்து வீச்சுகளுக்கு ஒரு முறை, முதலை கண்ணை மட்டும் வெளியே நீட்டுவது போல, கண் நீர்மட்டத்துக்கு மேல் வரும் அளவுக்கு முகத்தை உயர்த்தி முன்னால் பார்த்துவிட்டு, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வேண்டும். வழி காட்டுவதற்காக நீரில் நிறுத்தியிருக்கும் மிதவை அலையில் மறைந்துவிடும்; ஆகவே அதன் பின்னால் கரையில் தெரியும் உயரமான மரத்தையோ கட்டடத்தையோ குறியாக முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். நேராக நீந்தத் தெரியாதவர் 750 மீட்டருக்குப் பதில் 850 மீட்டர் நீந்தி முடிப்பது சாதாரணமாக நடப்பது.

இரண்டாவது, குளிர்ந்த நீருக்குப் பழகுவது. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மூச்சு தன்னையறியாமல் வேகமாகும், இதயம் படபடக்கும். இது உடலின் இயல்பான அனிச்சைச் செயல், சற்று நேரத்தில் அடங்கிவிடும். தொடக்க மணிக்குச் சில நிமிடம் முன்பே, அனுமதி இருந்தால், நீரில் இறங்கி முகத்திலும் பிடரியிலும் நீரைத் தெளித்து, நீண்ட மூச்சாக வெளியே விட்டுப் பழகிக்கொண்டால் இந்த அதிர்ச்சி போட்டிக்குள் வராது.

கேள்வி: போட்டியின் நடுவில் பயம் வந்துவிட்டால் என்ன செய்வது?

என் முதல் போட்டியில் நான் தொடக்கக் கூட்டத்தின் சரியான நடுவில் நின்றேன். மணி ஒலித்ததும் நாலா பக்கமும் கைகள் விழுந்தன. ஒருவருடைய குதிகால் பட்டு என் நீச்சல் கண்ணாடி நகர்ந்தது. நூறு மீட்டர் போவதற்குள் மூச்சு எனக்குக் கட்டுப்படவில்லை. மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருபது மூச்சு எண்ணினேன். அதன்பின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தவளை நீச்சலில் கொஞ்ச தூரம், பிறகு ஃப்ரீஸ்டைல். இழந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க மறுத்திருந்தால் போட்டியையே இழந்திருப்பேன்.

ஆகையால் இதை ஒரு வரிசையாகவே பயிற்சியில் ஒத்திகை பாருங்கள்: மல்லாந்து மிதப்பது, மூச்சை எண்ணுவது, தவளை நீச்சல், பிறகு பழைய நீச்சல். முன்னேறிச் செல்வதற்குப் பயன்படுத்தாத வரை மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்து ஓய்வெடுப்பதை விதிகள் அனுமதிக்கின்றன. உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தொடக்கத்தில் கூட்டத்தின் ஓரத்திலோ கடைசியிலோ நின்று, மற்றவர்கள் கிளம்பியபின் பத்து விநாடி கழித்துக் கிளம்பினால் இந்தச் சிக்கலில் பெரும் பகுதி வராமலே போகும். நெஞ்சு வலி, உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், இருமலோடு நுரை அல்லது இளஞ்சிவப்புச் சளி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அது பயமல்ல, உடல் தரும் எச்சரிக்கை. அங்கேயே நிறுத்திப் படகை அழைத்து வெளியேறுங்கள்.

கேள்வி: வெட்சூட் வாங்க வேண்டுமா?

நீரின் வெப்பநிலையே இதற்குப் பதில். வெட்சூட் என்பது நீந்தும்போது உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடை. அது உடலைச் சூடாக வைப்பதோடு மிதக்கவும் வைக்கிறது. அதனால்தான் விதிகள் அதற்கு வரம்பு வைத்துள்ளன. இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு டிரையத்லானின் விதிகளின்படி, வயதுப் பிரிவில் கலந்துகொள்பவர்களுக்கு (தொழில்முறை வீரர்கள் அல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு) 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் 22 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வெட்சூட்டுக்கு அனுமதி இல்லை. நீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டாயம். உள்ளூர் போட்டிகளின் வரம்பு சற்று மாறலாம். வெதுவெதுப்பான நீரில் நடக்கும் போட்டிக்கு வாங்கவே வேண்டாம்; குளிர்ந்த நீர் என்றால் முதலில் வாடகைக்கு எடுத்து, அதை அணிந்து இரண்டு முறையாவது நீந்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இறுக்கமான உடை நெஞ்சை அழுத்துவதே சிலருக்குப் பதற்றத்தைத் தூண்டுகிறது.

கேள்வி: விலையுயர்ந்த சைக்கிள் இல்லாமல் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. பிரேக் நன்றாகப் பிடிக்கும், செயின் சுத்தமாக இருக்கும், கியர் தடையின்றி மாறும் எந்தச் சைக்கிளும் போதும். மலைப்பாதை சைக்கிளாக (மவுண்டன் பைக்) இருந்தால், முள் போன்ற பிடிப்புள்ள டயருக்குப் பதிலாக வழவழப்பான டயரை மாற்றினால் செலவுக்கு மிஞ்சிய பயன் கிடைக்கும். கையிலிருக்கும் பணத்தை முதலில் சீட்டின் உயரத்தையும் ஹேண்டில்பாரின் தூரத்தையும் உங்கள் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதற்குச் செலவிடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இந்த ஓர் அளவே முழங்கால் வலியில் பாதியைத் தவிர்க்கும். ஹேண்டில்பாரின் இரு முனைகளும் அடைப்பானால் மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்த குழாய் விபத்தில் உடலைக் குத்திவிடும் என்பதால் பல போட்டிகளில் இதைப் பார்த்தபின்பே உள்ளே விடுவார்கள். பாதத்தைப் பூட்டும் பெடலுக்கு நீங்கள் புதியவர் என்றால், போட்டிக்கு முந்தைய மாதத்தில் அதைத் தொடங்க வேண்டாம்.

பஞ்சர் ஆன டியூப்பை நீங்களே மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியாரின் உதவியைப் பெறுவது பொதுவாக விதிமீறல்.

கேள்வி: சைக்கிளை எவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டும்?

இறங்கியபின் ஓட முடியும் என்ற அளவுக்கு. நீரிலிருந்து வந்ததும் இதயத்துடிப்பு உச்சத்தில் இருக்கும், உற்சாகமும் அப்படியே; அந்த நேரத்தில் கனமான கியரில் மிதித்தவர்கள் ஓட்டத்தின் இரண்டாவது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் லேசான கியரில் மூச்சைச் சீராக்குங்கள். பிறகு நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரை பெடல் சுழலும்படி கியரை வைத்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் முடியும்’ என்ற உணர்வோடு ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் மறுபடி லேசான கியருக்கு வந்து காலைத் தளர்த்துங்கள். தண்ணீரைக் குடிக்கும்போதும் நேர்கோட்டில் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வண்டிகள் இல்லாத சாலையில் ஒரு கையால் ஓட்டியும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தும் பழகுங்கள்.

கேள்வி: முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது என்கிறார்களே, ஏன்?

சமதளத்தில் வேகமாகச் செல்லும் சைக்கிளைத் தடுப்பதில் பெரும் பங்கு காற்றுக்கு உண்டு. முன்னவரின் பின்னால் ஒட்டிப் போனால் அந்தத் தடையை அவரே வெட்டிக் கொடுத்துவிடுவார். தனிநபர் உழைப்பே அளக்கப்பட வேண்டும் என்பதால், வயதுப் பிரிவுப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் இதற்குத் தடை இருக்கிறது. குறுந்தூரத்தில் 10 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். முந்துவதாக இருந்தால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும், முந்தப்பட்டவர் பின்வாங்கி இடைவெளி விட வேண்டும். உங்கள் போட்டியின் விதித்தாளில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். நீச்சலில் இந்தத் தடை இல்லை. ஒருவருடைய பாதத்துக்குப் பின்னால் நீந்தி உழைப்பை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி: ‘பிரிக்’ பயிற்சி என்பது என்ன?

சைக்கிள் ஓட்டி இறங்கியதும் ஓய்வின்றி ஓடுவது. அப்போது கால் இரண்டும் வேறொருவருடையவை போலக் கனக்கும். எவ்வளவு வேகத்தில் ஓடுகிறோம் என்பதே பிடிபடாது. சுழற்றும் அசைவுக்குப் பழகிய தசைகள் உடலின் எடையைத் தாங்கி அடிவைக்கும் அசைவுக்கு மாறச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. இந்த உணர்வு கடந்துபோகும் என்பதை உடல் முன்பே அறிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. ஐந்தாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு முறை, சைக்கிளுக்குப் பின் பத்து நிமிட ஓட்டம் போதும். அடியைச் சிறிதாகவும் விரைவாகவும் வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: மாறும் இடத்தில் தடுமாறாமல் இருப்பது எப்படி?

சைக்கிள்களை வரிசையாக மாட்டி வைத்திருக்கும் இந்த இடத்தை ‘டிரான்சிஷன்’ என்பார்கள். போட்டியன்று காலை, நீரிலிருந்து வெளிவரும் வாயிலில் நின்று உங்கள் சைக்கிள் வரை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, பக்கத்தில் நகராத அடையாளம் என்ன என்று மனத்தில் பதியுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளமாகக் கொள்ளாதீர்கள், நீங்கள் வரும்போது அது அங்கே இருக்காது.

ஒரு சிறு துண்டை விரித்து, பயன்படுத்தும் வரிசையிலேயே பொருள்களை வையுங்கள். வார்கள் திறந்த நிலையில் ஹெல்மெட்டைத் தலைகீழாக ஹேண்டில்பாரின் மேல் வைக்கலாம். தவறவே கூடாத விதி ஒன்று உண்டு: ஹெல்மெட்டை அணிந்து கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். ஷூவில் இழுத்தால் இறுகும் மீள்நாடா போட்டுக்கொண்டால் ஈரக் கையால் முடிச்சுப் போடும் தொல்லை இல்லை. வீட்டு வாசலில் இந்த முழு வரிசையையும் பத்து முறை செய்து பார்த்தவருக்குப் போட்டியில் கை தானாக நகரும்.

கேள்வி: எதை அணிந்துகொள்வது?

மூன்று பகுதிக்கும் ஒரே உடையாக இருப்பதே வசதி. ‘டிரை சூட்’ இல்லாவிட்டால், உடலோடு ஒட்டிய நீச்சல் உடையும் மேலே மெல்லிய பனியனும் போதும். மேலுடம்பு மூடியிருக்க வேண்டும் என்று பல போட்டிகள் வலியுறுத்துகின்றன. எண் அட்டையை இடுப்பு வாரில் மாட்டினால், சைக்கிளில் பின்பக்கமாகவும் ஓட்டத்தில் முன்பக்கமாகவும் எளிதில் திருப்பிக்கொள்ளலாம். நேரம் அளக்கும் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், சைக்கிளின் செயின் வலப்பக்கம் இருக்கிறது. உரசும் இடங்களில் முன்கூட்டியே களிம்பு தடவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உணவும் நீரும்?

குறுந்தூரத்துக்கு இது பெரிய சிக்கலே அல்ல. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கடும் உழைப்புக்குத் தாங்கும். போட்டிக்கு முந்தைய நாள் இரவு வழக்கமான உணவு. போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, எளிதில் செரிக்கும், கொழுப்பும் நாரும் குறைந்த மாவுச்சத்து உணவு. சைக்கிளில் தாகத்துக்கேற்ப வாய் வாயாகக் குடியுங்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், சைக்கிளின் பாதியில் இனிப்பான ஏதேனும் ஒன்று சாப்பிடலாம். பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டுமே போட்டியிலும் கொடுங்கள்.

கேள்வி: உடல்நலம் இல்லாமல் ஒரு வாரம் பயிற்சி விட்டுப்போனால்?

விட்டதை விட்டுவிடுங்கள். அடுத்த வாரத்தில் இரண்டு வாரத்தின் பயிற்சியைத் திணிப்பதுதான் காயத்துக்கு நேர்வழி. காய்ச்சல் இருக்கும் வரை எந்தப் பயிற்சியும் வேண்டாம். காய்ச்சலோடு உழைத்தால் இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். தசை முழுவதும் பரவிய மந்தமான வலி இரண்டு நாளில் போய்விடும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, ஓட ஓடக் கூடும் வலி, காலை எழுந்ததும் நொண்ட வைக்கும் வலி ஆகியவை அப்படியல்ல. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கடைசி வாரத்திலும் போட்டியன்று காலையிலும் என்ன செய்வது?

கடைசி வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்து, வேகம் மறந்துபோகாதபடி இடையிடையே ஒரு நிமிட விரைவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கால் கனப்பதாகவும் கற்றதெல்லாம் மறந்துபோனதாகவும் தோன்றும், பலருக்கும் தோன்றுவதுதான். முந்தைய நாள் இரவு தூக்கம் சரியாக வராமல் போகலாம் என்பதால், அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கிவிடுங்கள். காலையில் தொடக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சேர்ந்துவிட வேண்டும். டயரில் காற்றைப் பாருங்கள், சைக்கிளை லேசான கியரில் விட்டு வையுங்கள், விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். எத்தனை சுற்று ஓட்ட வேண்டும், சாலையின் எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கேள்வி: கடைசி ஆளாக வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

யாராவது ஒருவர் கடைசியாக வரத்தான் வேண்டும், அவருக்கும் அதே தூரம்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பகுதிக்கும் அறிவிக்கப்பட்ட நேர வரம்பு. பயிற்சியில் எடுக்கும் நேரத்தோடு பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிப் பார்த்து, வரம்புக்குள் வருகிறதா என்று பெயர் கொடுக்கும் முன்பே கணக்கிடுங்கள். ஓட்டத்தில் இடையிடையே நடப்பதற்குத் தடையில்லை.

கேள்வி: கோட்டைத் தாண்டியபின்?

உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் எண்ணைக் காட்டிச் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் நடையும் லேசான நீச்சலும் போதும். நீரில் எங்கே பதறினீர்கள், மாறும் இடத்தில் எதைத் தேடினீர்கள், எந்தக் கிலோமீட்டரில் கால் சோர்ந்தது என்று அன்று மாலையே எழுதி வையுங்கள், ஒரு வாரத்தில் அவை மறந்துவிடும்.